கொள்ளும் கடிவாளமும்

"கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று குதிரையைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. தின்பதற்கு முன்வந்து வேலைக்குப் பின்வாங்கும் மனிதர்களைக் கேலி செய்யவே இந்தப் பழமொழி பயன்படுகிறது. ஆனால் கொள்ளுக்கு வாய் திறந்து, கடிவாளமே இல்லாமல் வாழும் குதிரைகள் உண்மையிலேயே உலகில் ஏராளமாக உள்ளன. அவற்றின் வாழ்க்கை நாம் நினைப்பதுபோல் சுகமானதன்று. அளவுக்கு மிஞ்சிய தீனி அவற்றின் குளம்பை உள்ளுக்குள்ளேயே சிதைத்து, எழுந்து நிற்க முடியாத நிலைக்குக் கொண்டு வந்துவிடுகிறது.

குதிரை என்றதும் விலா எலும்பு தெரிய வண்டியிழுக்கும் குதிரைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். கொழுத்துப்போவதும் குதிரைக்கு ஒரு நோயா என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் குதிரை மருத்துவர்களை அதிகம் கவலைப்பட வைக்கும் பிரச்சினைகளுள் இதுவும் ஒன்று. இதன் காரணத்தையும் தீர்வையும் புரிந்துகொள்ள, நீங்கள் பள்ளியில் படிக்கும் ஆற்றல் அழியா விதியே பெரும்பாலும் போதுமானது.

மேட்டுப் புல்லும் பால்பண்ணைப் புல்லும்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்டு தீவுகளிலும், இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள எக்ஸ்மூர், டார்ட்மூர் மேட்டு நிலங்களிலும் மட்டக்குதிரை இனங்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றன. அங்கே குளிரும் காற்றும் அதிகம். புல்லோ சத்துக் குறைந்த முரட்டுப் புல். கோடையில் கிடைப்பதைத் தின்று உடலில் கொழுப்பாகச் சேமிக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்தக் கொழுப்பைக் கரைத்து உயிர்வாழ வேண்டும். கிடைத்ததைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் உடலமைப்பு கொண்டவையே தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்தன.

பிறகு வேலைக்காலம் வந்தது. பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் வேலை வாங்கக் கூடாது என்று 1842ஆம் ஆண்டு பிரிட்டனில் சட்டம் வந்தபின், நிலக்கரித் தொட்டிகளை இழுக்க மட்டக்குதிரைகள் மேலும் அதிகமாகச் சுரங்கங்களில் இறக்கப்பட்டன. 1913ஆம் ஆண்டில் ஏறக்குறைய 70,000 குதிரைகள் பிரிட்டிஷ் சுரங்கங்களுக்குள் உழைத்தன. அவற்றின் வாழ்க்கை கொடுமையானது. ஆனால் தின்ற தீனிக்குத் தகுந்த உழைப்பு அதில் இருந்தது.

இயந்திரங்கள் வந்தன, குதிரைகள் ஓய்வு பெற்றன. இன்று அந்த இனங்கள் பெரும்பாலும் குழந்தைகளின் சவாரிக்கும் செல்லத்துக்கும் வளர்க்கப்படுகின்றன. வாரத்துக்கு ஓரிரு நாள் சவாரி. மற்ற நாட்களில் மேய்ச்சல்தான். அந்த மேய்ச்சல் நிலத்தில் இருப்பதும் பழைய மேட்டுப் புல் அன்று. கறவை மாடுகள் மிகுதியாகப் பால் தர வேண்டும் என்பதற்காக விதைக்கப்பட்ட ரை புல்லாகவே அது பல இடங்களில் இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் உள்ள ஆராய்ச்சி நிலையம் மாடுகளுக்கென்றே சர்க்கரை மிகுந்த ரை புல் வகைகளை உருவாக்கியது. பஞ்சத்துக்கென அமைந்த உடல், மாட்டுக்கென வளர்த்த புல்லின் நடுவே நாள் முழுவதும் நிற்கிறது. விளைவை ஊகிப்பது கடினமன்று.

வரவுக் கணக்கு

எக்ஸ்மூர் இனத்தைப் போன்ற ஒரு மட்டக்குதிரையை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 266 கிலோ என்க. (இந்த எண் எப்படி வந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.) வேலை எதுவும் செய்யாமல், எடை கூடாமலும் குறையாமலும் இருக்க அதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 33.3 கிலோகலோரி தேவை. அப்படியானால் நம் குதிரைக்கு வேண்டியது சுமார் 8,900 கிலோகலோரி.

ஒரு கிலோ உலர்ந்த புல்லில் ஏறக்குறைய 2,000 கிலோகலோரி இருப்பதாகக் கொள்ளலாம். ஆகவே நாலரை கிலோ உலர்ந்த புல் இருந்தால் அன்றைய தேவை தீர்ந்தது. ஆனால் நல்ல மேய்ச்சலில் விடப்பட்ட மட்டக்குதிரை, நீரை நீக்கிக் கணக்கிட்டாலும், தன் எடையில் 3 சதவீதத்துக்கும் மேலான புல்லைத் தின்னக்கூடியது. 3 சதவீதம் என்றே வைத்துக்கொண்டால் 8 கிலோ, அதாவது 16,000 கிலோகலோரி. செலவு 8,900, வரவு 16,000. மிச்சம் 7,100.

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்று படித்திருக்கிறீர்கள். இந்த மிச்சம் எங்கே போகும்? ஒரு பகுதி வெப்பமாக வெளியேறும். பெரும்பகுதி கொழுப்பாக மாறித் தங்கிவிடும். குதிரையின் எடை ஒரு கிலோ கூடுவதற்கு 16,000 முதல் 24,000 கிலோகலோரி வரை மிகையாக உட்கொள்ள வேண்டும் என்று கணித்துள்ளனர். நம் குதிரை அந்த மிகையை ஏறக்குறைய மூன்றே நாளில் ஈட்டிவிடும். இரண்டு மாத வசந்தகாலம் முடிவதற்குள் 20 கிலோ கூடிவிட்டால் அதில் வியப்பில்லை.

குளிர்காலத்தில் இது தானாகக் கரைந்துவிடாதா? முன்பு கரைந்தது. இன்றைய குதிரைக்குக் குளிர் தொடங்கியதும் கம்பளிப் போர்வை கிடைக்கிறது, லாயம் கிடைக்கிறது, வாளி நிறையத் தீனியும் கிடைக்கிறது. உடல் வெப்பத்தைக் காக்கக் கொழுப்பை எரிக்க வேண்டிய தேவையே அதற்கு எழுவதில்லை. சென்ற ஆண்டின் கொழுப்போடேயே அது அடுத்த வசந்தத்துக்குள் நுழைகிறது.

செலவுக் கணக்கு

அப்படியானால் நன்றாக வேலை வாங்கினால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் இயற்பியல் நம்மை எச்சரிக்கிறது.

நம் குதிரை 100 மீட்டர் உயரமுள்ள குன்றின்மேல் ஏறுவதாகக் கொள்வோம். செய்யப்படும் வேலை 266 × 9.8 × 100, அதாவது ஏறக்குறைய 2,60,000 ஜூல். இதைக் கிலோகலோரியாக மாற்றினால் வெறும் 62! தசைகள் செலவிடும் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கே வேலையாக மாறும், மற்றவை வெப்பமாகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 250 கிலோகலோரி வரும். இதை ஈடுகட்ட 125 கிராம் உலர்ந்த புல் போதும். குன்றேறி வந்த களைப்புக்குப் பரிசாக நாம் ஒரு பிடி தீனி கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஜேம்ஸ் வாட் வகுத்த குதிரைத்திறன் 746 வாட் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு குதிரை அந்தத் திறனோடு ஒரு மணி நேரம் இடைவிடாமல் இழுத்தால் செய்யும் வேலை 746 × 3,600 ஜூல், அதாவது ஏறக்குறைய 640 கிலோகலோரி. தசைகளின் செலவு அதைப்போல் நான்கு மடங்கு. சுமார் 2,560 கிலோகலோரி. ஒரு கிலோ ஓட்ஸ் தானியத்தில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 3,000 கிலோகலோரி. ஒரு மணி நேரக் கடும் உழைப்பை ஒரு கிலோ ஓட்ஸ்கூட முழுதாக வேண்டாமல் ஈடுசெய்துவிடும்!

வாரத்துக்கு 1 முதல் 3 மணி நேரம் வரையிலான இலேசான சவாரிக்காகக் குதிரையின் அன்றாடத் தேவை 20 சதவீதம்தான் உயர்கிறது. கடினமான வேலை வாங்கினாலும் 60 சதவீதமே உயரும். நம் குதிரை தின்பதோ தேவையைவிட 80 சதவீதம் அதிகம். எனவே உடற்பயிற்சியால் மட்டும் குதிரையை இளைக்க வைக்க முடியாது. வாயையும் கட்ட வேண்டும்.

பயிற்சி வீண் என்று இதற்குப் பொருளன்று. உழைக்கும் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எளிதாக ஏற்றுக்கொள்கிறது. இது ஏன் முக்கியம் என்பதை அறியக் குதிரையின் குளம்புக்குள் செல்வோம்.

குளம்புக்குள் நடப்பது

குதிரை நிற்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்கள் தாங்குகின்றன. நம் 266 கிலோ குதிரையின் ஒவ்வொரு முன்குளம்பின் மீதும் 80 கிலோ எடை இறங்குகிறது. காலின் கடைசி எலும்பு குளம்பின் அடிப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. அது குளம்பின் சுவரிலிருந்து தொங்குகிறது! சுவரின் உட்பக்கத்தில் புத்தகத் தாள்களைப்போல் 550 முதல் 600 மெல்லிய இதழ்கள் உள்ளன. ஒவ்வோர் இதழிலும் 150 முதல் 200 நுண்ணிதழ்கள். எலும்பைப் போர்த்தியிருக்கும் திசுவிலும் இதேபோன்ற இதழ்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்துக்கொள்கின்றன. பற்றும் பரப்பு அதிகமானால் ஓர் அலகுப் பரப்பின் மீதான விசை குறையும் அல்லவா? ஒரு குளம்புக்குள் மடிந்திருக்கும் இந்தப் பரப்பு ஏறக்குறைய 0.8 சதுர மீட்டர்.

இந்த இதழ்களின் பிடி தளர்வதே லாமினைட்டிஸ் என்னும் நோய். இதழ்கள் நீளும், எலும்பு சுவரை விட்டு விலகித் திரும்பும், முற்றினால் கீழே இறங்கும். வலி தாளாமல் குதிரை முன்கால்களை நீட்டி, பின்கால்களில் பாரத்தைப் போட்டு நிற்கும். பிறகு படுத்தே கிடக்கும். இதற்குக் காரணங்கள் பல. தானிய மூட்டையைத் திறந்து அளவின்றித் தின்றுவிடுவதும், ஒரு கால் முறிந்து மறுகாலில் நெடுநாள் நிற்பதும்கூட இதை உண்டாக்கும். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று புகழ்பெற்ற செக்ரடேரியட் என்னும் குதிரை, இந்நோய் தீராததால் 1989 அக்டோபர் 4ஆம் நாள் கருணைக்கொலை செய்யப்பட்டது. எவ்வளவு விலை மதிப்புள்ள குதிரையானாலும் முற்றிய லாமினைட்டிஸிலிருந்து மீட்பது அரிது.

கொழுத்த குதிரைகளுக்கு இது ஏன் அதிகம் வருகிறது? எடை கூடுவதால் குளம்பு தாங்கவில்லை என்று சொல்லிவிடலாம். அது விடையின் சிறு பகுதியே. 2007ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். நோயற்ற மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தினர். சர்க்கரை அளவு மாறாமல் இருக்க குளுக்கோசும் கொடுத்தனர். இன்சுலின் பெற்ற குதிரைகள் அனைத்துக்கும் 72 மணி நேரத்துக்குள் நான்கு கால்களிலும் லாமினைட்டிஸ் வந்தது! குதிரை பருக்கவில்லை; சர்க்கரை ஏறவில்லை; இன்சுலின் மட்டுமே உயர்ந்திருந்தது.

இப்போது கதை தெளிவாகிறது. சர்க்கரை மிகுந்த புல்லைத் தின்றதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. கொழுத்து, உழைப்பின்றி இருக்கும் பல குதிரைகளின் உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. ஆகவே மேலும் மேலும் இன்சுலின் சுரக்கிறது. மனிதர்களைப்போல் இவற்றுக்கு நீரிழிவு வருவது அரிது. சர்க்கரையை ஒருவாறு கட்டுக்குள் வைத்துக்கொள்கின்றன. அதற்குக் கொடுக்கும் விலையான மிகை இன்சுலின், குளம்பின் இதழ்களைத் தளர்த்திவிடுகிறது. உழைக்கும் தசை சர்க்கரையை எளிதாக ஏற்பதால் இன்சுலினின் தேவை குறைகிறது. கலோரிக் கணக்கில் அற்பமாகத் தோன்றிய பயிற்சியின் உண்மையான பயன் இதுதான்.

கையே கருவி

எடையைவிடக் கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பது முக்கியம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னெக் என்பவர் 1983ஆம் ஆண்டில் இதற்கொரு முறையை வகுத்தார். கழுத்து, முதுகோடு கழுத்து சேரும் மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வாலின் அடி ஆகிய ஆறு இடங்களைக் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார்கள். எலும்பும் தோலுமானால் 1. உருண்டு திரண்டிருந்தால் 9. நடுவில் 5 இருந்தால் நல்லது.

விலாவைத் தடவும்போது எப்படி இருக்க வேண்டும் என்பதை உங்கள் கையிலேயே அறியலாம். கையை முட்டியாக மடக்கி விரல் கணுக்களைத் தடவிப் பாருங்கள். குதிரையின் விலா அப்படியிருந்தால் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதுவே சரியான நிலை. உள்ளங்கையில் கட்டை விரலின் அடியிலுள்ள மேட்டை அழுத்துங்கள். விலா அப்படியிருந்தால் குதிரை கொழுத்துவிட்டது.

பிடரியைத் தனியே பார்க்க வேண்டும். அங்கே கொழுப்பு கெட்டியாகத் திரண்டு மேடிட்டிருந்தால் இன்சுலின் கோளாறு இருக்கலாம் என்ற ஐயம் எழ வேண்டும். இதற்கென்றே 0 முதல் 5 வரையிலான அளவுகோலை 2009ஆம் ஆண்டில் வகுத்தனர். வயிறு வற்றியபின்னும் பிடரிமேடு வற்றாத குதிரைகள் உண்டு. எனவே ஐயமிருந்தால் இரத்தச் சோதனைதான் முடிவு சொல்லும்.

தராசில்லாமல் எடை

266 கிலோ என்ற எண்ணுக்கு வருவோம். குதிரையை நிறுக்கும் தராசு எல்லா ஊரிலும் இராது. ஓர் அளவு நாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 156, நீளம் 130 என்றால் எடை 266 கிலோ.

11,880 என்ற விந்தையான எண் எங்கிருந்து வந்தது? பல குதிரைகளை அளந்தும் நிறுத்தும் கண்ட எண் அது. ஆனால் அதன் அடிப்படையை நீங்களே காணலாம். குதிரையின் உடலை ஓர் உருளை என்று கொள்ளுங்கள். சுற்றளவு C, நீளம் L என்றால் அதன் கனஅளவு C²L/4π. உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்தியே. 1,000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஆகவே C²L-ஐ 4π × 1,000, அதாவது 12,566ஆல் வகுக்க வேண்டும். நம் குதிரைக்கு 252 கிலோ வருகிறது. தலை, கழுத்து, கால்கள் இவற்றையும் சேர்க்க வேண்டும். உடலும் சரியான உருளையன்று. அதனால் வகுக்கும் எண் சற்றுக் குறைந்து 11,880 ஆகிறது. ஆறாம் வகுப்பு மாணவன் வரையும் உருளை உண்மைக் குதிரைக்கு இவ்வளவு அருகில் வருவது வியப்பல்லவா?

எடையைவிட எடை மாற்றத்தைக் காணவே நாடா பெரிதும் உதவும். சுற்றளவு 156இலிருந்து 150ஆகக் குறைந்தால் எடை 246 கிலோ. வெறும் 6 சென்டிமீட்டரில் 20 கிலோ குறைந்துவிட்டது! சுற்றளவு வர்க்கமாக வருவதால்தான் இந்த விளைவு.

இளைக்க வைக்கும் வழி

முதல் விதி: பட்டினி போடக் கூடாது. கொழுத்த மட்டக்குதிரையைத் திடீரெனப் பட்டினி போட்டால் உடலிலுள்ள கொழுப்பெல்லாம் ஒரேயடியாக இரத்தத்தில் பெருகி, ஈரலைத் தாக்கி உயிரையே பறித்துவிடும். கழுதைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. மேலும் குதிரையின் இரைப்பை இடைவிடாமல் அமிலம் சுரப்பது. நெடுநேரம் வெறுமையாக இருந்தால் புண்ணாகும்.

ஆகவே தானியத்தை நிறுத்தி, சத்துக் குறைந்த உலர்ந்த புல்லை உடல் எடையில் ஏறக்குறைய 1.5 சதவீதம் கொடுக்கிறார்கள். அதற்கும் கீழே குறைப்பது மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நடக்கும். நம் குதிரைக்கு இது 4 கிலோ; 8,000 கிலோகலோரி. குறையும் தாது உப்புகளையும் வைட்டமின்களையும் தனியே சேர்ப்பார்கள். புல்லைக் கொடுக்குமுன் நீரில் ஊற வைத்து, நீரைக் கொட்டிவிடுவதும் உண்டு. சர்க்கரை நீரில் கரையுமல்லவா? அதில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். சிறு துளைகள் கொண்ட வலைப்பையில் புல்லை வைத்தால் குதிரை அதை மெல்ல மெல்ல இழுத்து நெடுநேரம் தின்னும்.

மேய்ச்சலுக்கு விடும்போது சிறு துளையுள்ள வாய்க்கூடையைக் கட்டுகிறார்கள். நேரத்தையும் பார்த்தே விடுகிறார்கள். பகலில் வெயிலில் புல் சர்க்கரையைத் தயாரிக்கிறது. இரவில் அதைச் செலவிட்டு வளர்கிறது. எனவே மாலையில் சர்க்கரை மிகுதி, விடியலில் குறைவு. ஆனால் இரவுக் குளிர் ஏறக்குறைய 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் புல்லின் வளர்ச்சி நின்றுவிடும். சர்க்கரை செலவாகாமல் தங்கிவிடும். உறைபனி பளபளக்கும் அழகிய காலைதான் அந்தக் குதிரைகளுக்கு ஆபத்தான காலை.

இவற்றோடு படிப்படியாகக் கூட்டப்படும் பயிற்சியும் வேண்டும். குளம்பில் நோய் தொடங்கிவிட்ட குதிரைக்குப் பயிற்சி ஆகாது. அது குணமாகும் வரை ஓய்வே மருந்து. நல்ல நிலையில் உள்ள குதிரைக்குத் தீனியில் 900 கிலோகலோரி குறைவு, பயிற்சியில் ஏறக்குறைய 1,800 கிலோகலோரி செலவு. நாளுக்கு 2,700 கிலோகலோரி துண்டு விழுகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் 7,700 கிலோகலோரி இருப்பதால் வாரத்துக்கு 2.4 கிலோ வரை குறையலாம். நடைமுறையில் உடல் சிக்கனமாக மாறிக்கொள்வதால் வேகம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைந்தால் நல்லது. வசந்தகாலத்தின் இரண்டு மாதங்களில் ஏறிய 20 கிலோவை இறக்க 8 முதல் 15 வாரங்கள் ஆகும்.

குளிர்காலத்தில் நல்ல ரோமமுள்ள குதிரைக்குப் போர்வை வேண்டாம் என்று மருத்துவர்கள் கூறுவதன் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். வெப்பமாக வெளியேறும் ஒவ்வொரு கலோரியும் சென்ற கோடையில் சேர்த்த கொழுப்பிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும்.

பழமொழி குதிரையைக் குறை சொல்கிறது. கொள்ளைக் கண்டால் வாய் திறப்பது குதிரைக்கு இயல்பு. பஞ்சத்தில் அதைக் காப்பாற்றிய குணமும் அதுவே. எவ்வளவு கொள்ளு, எவ்வளவு கடிவாளம் என்று கணக்குப் பார்ப்பது வளர்ப்பவரின் கடமை. அதற்கு வேண்டியவை ஓர் அளவு நாடாவும், விலாவைத் தடவிப் பார்க்கும் கையும், வாரந்தோறும் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.